பாணராக வாருங்கள்: பிரான்மலை ஏறவரும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

விடுமுறை நாட்களில் சிங்கம்புணரியைத் தாண்டி பிரான்மலைச் சாலையில் நீங்கள் கூட்டம் கூட்டமாக வருகிறீர்கள். மதுரை, திருச்சி, கோவை, சென்னை என்று பல ஊர் வண்டிகள். சு. வெங்கடேசனின் 'வீரயுக நாயகன் வேள்பாரி' 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு நூலானது. அதைப் படித்துவிட்டு, பாரி ஆண்ட பறம்பு மலையான இந்தப் பிரான்மலையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பி வருகிறவர்கள் உங்களில் பலர். ஒரு கதை உங்களை ஒரு மலையடிவாரம் வரை கூட்டி வந்திருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடும், கொஞ்சம் கவலையோடும் இதை எழுதுகிறேன்.

கவலைக்குக் காரணம் இருக்கிறது. வருகிறவர்கள் பாரியைத் தேடுகிறார்கள், மலையைப் பார்ப்பதில்லை. உச்சியில் நின்று ஒரு படம், பாறையில் பெயிண்டால் ஒரு பெயர், சுனை ஓரத்தில் காலி பாட்டில்கள், பிறகு இறக்கம். பாரியைப் பற்றி நமக்கு ஏதாவது தெரிகிறது என்றால் அது பெரும்பாலும் அவன் நண்பரான புலவர் கபிலர் பாடியதால்தான். அந்தக் கபிலர் பாரியைச் சொல்லும்போது பெரும்பாலும் மலையையும் சேர்த்தே சொன்னார். மலையை விட்டுவிட்டுப் பாரியை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

முதலில் மலை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிவகங்கை மாவட்டத்தின் வடமேற்கு மூலை. மேற்கே நத்தம் பக்கம், தென்மேற்கே கொட்டாம்பட்டி, மேலூர் பக்கம், கிழக்கே பொன்னமராவதி. நான்கு மாவட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் வட்டாரம். சுற்றிலும் தட்டையான மானாவாரி பூமி. அதன் நடுவே ஏறத்தாழ 2,500 அடி உயரத்துக்கு இந்தப் பாறைமலை எழும்புகிறது. மேலே மொட்டைப் பாறை, சரிவிலும் இடுக்கிலும் வறண்ட இலையுதிர் காடு, அடியில் முள்ளும் புதருமாக அடர்ந்த குறுங்காடு. கோடையில் பார்த்தால் காய்ந்துபோன மலை என்று நினைப்பீர்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு வந்தால் அதே மலை பச்சையாக நிற்கும்.

இப்போது புறநானூற்றை எடுங்கள். 105 முதல் 120 வரையுள்ள பாடல்களை ஒரே மூச்சில் படியுங்கள். 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது, மற்றவை கபிலருடையவை. 'வேள்பாரி'யைப் படித்த உங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் ஒரு மலையின் சரித்திரமாக இவற்றைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன். 105ஆம் பாடலில் கபிலர் ஒரு விறலியிடம் பேசுகிறார். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இந்த மலையின் உச்சிகளிலிருந்து நீர் இறங்கி, கொள்ளு விதைக்க உழுத நிலத்தின் ஊடே வாய்க்காலாக ஓடுகிறது என்கிறார். பாரி அந்த நீரைக் காட்டிலும் இனியவன் என்று அதற்குப் பிறகுதான் வருகிறது. பாரியின் இனிமைக்கு அளவுகோலாகக் கபிலருக்குக் கிடைத்தது மலையிலிருந்து வயலுக்கு வரும் தண்ணீர்.

109ஆம் பாடல் முற்றுகைக் காலத்துப் பாடல். மூவேந்தர் படை மலையைச் சூழ்ந்து நிற்கிறது. அவர்களுக்குக் கபிலர் சொல்கிறார்: உழவர் உழாமலே இந்த மலை நான்கு விளைச்சல் தரும். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். மலையை வானத்துக்கும் அதன் சுனைகளை விண்மீன்களுக்கும் ஒப்பிடுகிறார். மரத்துக்கு மரம் யானையைக் கட்டினாலும், வெளியெங்கும் தேரை நிறுத்தினாலும் இதை நீங்கள் வெல்ல முடியாது என்கிறார். அடுத்து அதை அடையும் வழியையும் அவரே காட்டிக்கொடுக்கிறார். யாழை மீட்டிக்கொண்டு, விறலியர் பின்வர, ஆடிப் பாடி வாருங்கள். நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்கிறார்.

இந்த மடலில் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். இந்த மலையை அடைய இரண்டு வழிகள் இருந்தன. படையோடு வந்து எடுத்துக்கொள்வது ஒன்று. கேட்டுப் பெறுவது மற்றொன்று. முதல் வழியில் வந்தவர்கள் மூவர், முடியுடை வேந்தர்கள். மலை அவர்கள் கைக்குப் போனது. அதற்குப் பிறகு அந்த மலை யாருக்கு என்ன கொடுத்தது என்று சொல்லும் சங்கப் பாடல் எதையும் நான் கண்டதில்லை. நீங்கள் இரண்டாம் வழியில் வர வேண்டும். பாணர்களாக வர வேண்டும்.

பாரி எப்படி இறந்தான் என்று அந்தப் பாடல்கள் விரித்துச் சொல்லவில்லை. அந்த மாதத்து நிலவில் தந்தையும் மலையும் இருந்தன, இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை என்று பெண்மக்கள் பாடியது 112. இழந்தவற்றின் கணக்கில் தந்தையையும் மலையையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 116இல் அதே பெண்கள் ஒரு குப்பைமேட்டின் மேல் ஏறி நின்று, தெருவழியே போகும் உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் மலைமேல் நின்று, படையெடுத்து வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணிய பெண்கள் அவர்கள். 118இல் கபிலருக்கு வேறு ஒரு கவலை. பாறைக்கும் குன்றுக்கும் இடையே, எட்டாம் நாள் பிறை போல வளைந்த கரையுடைய சிறிய குளம் ஒன்று அங்கே இருந்தது. காப்பாரில்லாமல் அந்தக் கரை இனி உடைந்துவிடுமே என்று வருந்துகிறார். நண்பனை இழந்த ஒருவர் நண்பனின் குளத்துக் கரையை நினைத்துக் கலங்குகிறார். நம் இலக்கியத்தில் நீர்நிலை ஒன்றுக்காக எழுந்த இரங்கல்களில் இதைவிட ஆழமான ஒன்றை நான் படித்ததில்லை.

இவ்வளவு துயரத்தை மக்கள் மனம் தாங்கவில்லை. அதனால் பின்னால் வந்த கதைகள் அதை மாற்றிப் பின்னின. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் புறநானூற்றுப் பாடல்களில் கிடையாது, பிற்கால வழக்கில் வருபவை. அந்த வழக்கில் ஔவையார் இந்தப் பெண்களுக்குத் திருக்கோவலூரில் மணம் முடிக்கிறார். மூவேந்தருக்கும் ஓலை போகிறது. பனந்துண்டம் தளிர்த்துப் பழம் தருகிறது. கவனித்தீர்களா? பழைய பாட்டில் மலையைப் பறித்தவர்கள், பின்னால் வந்த கதையில் கல்யாணத்துக்கு வரிசையோடு வரும் விருந்தாளிகள். பட்டுப்போன பனைகூடத் துளிர்க்கிறது. அப்பாவை இழந்த பிள்ளைகளைக் கரையேற்றாமல் கதையை முடிக்கக் கூடாது என்று நம் கிராமத்து மனம் பிடிவாதமாக நின்றிருக்கிறது. இதைப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள். பாட்டு நடந்ததைச் சொல்கிறது. கதை நடந்திருக்க வேண்டியதைச் சொல்கிறது. இரண்டும் இந்த மலைக்குச் சொந்தம்.

முற்றுகையின்போது பறவைகள் உணவு கொண்டுவந்த செய்தியும் இந்த மலைக்குச் சொந்தம். காலையில் பறந்து போய் மாலையில் நெற்கதிர்களைக் கவ்விக்கொண்டு அவை மலைக்குத் திரும்பியதாக அகநானூற்றில் நக்கீரரும் ஔவையாரும் பாடியிருக்கிறார்கள். பறவையை நம்பி ஒரு மலை பசியாறியது என்ற நினைவு இந்த வட்டாரத்தில் வெறும் கதையாக நின்றுவிடவில்லை. பக்கத்துத் திருப்பத்தூர் வட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காக ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் கேட்டாலும் வாங்கிக் கொடுப்பதில்லை. முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் கதை கேட்டு வளர்ந்த பூமியில், குஞ்சு பொரிக்கும் நாரைக்காகப் பண்டிகையின் சத்தத்தை விட்டுக்கொடுத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரான்மலைக்கு வரும்போது அந்தக் கண்மாய்க்கும் ஒரு நடை போய்வாருங்கள். பாரியின் வாரிசுகளை அங்கே பார்க்கலாம்.

மலையடிக் கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருக்கொடுங்குன்றம் என்பது அதன் பழைய பெயர். திருஞானசம்பந்தர் பாடிய தலம், பாண்டிய நாட்டுப் பதினான்கு பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் நடந்த பலப்பரீட்சையில் மேருவிலிருந்து சிதறிய துண்டு இங்கே வந்து விழுந்தது என்பது தலக்கதை. கீழே கொடுங்குன்றநாதர், நடுவே விசுவநாதர், மேலே மங்கைபாகர் என்று மூன்று அடுக்காக, பாதாளம், பூமி, கைலாயம் என்று எண்ணி ஏறி ஏறிக் கும்பிடும் கோயில் இது. மேலே உள்ளது பாறையைக் குடைந்து எடுத்த குடைவரை, முற்காலப் பாண்டியர் காலத்து வேலை. மலையைத் தகர்க்காமல், அதற்குள்ளேயே சிவனையும் உமையையும் உளியால் கண்டெடுத்திருக்கிறார்கள். அங்கே அம்மைக்குத் தேனாம்பாள் என்று பெயர். தேன் தரும் மலை என்று கபிலர் பாடியதற்கும் அம்மைக்கு வாய்த்த இந்தப் பெயருக்கும் இடையே எத்தனையோ நூற்றாண்டுகள். தேன் மட்டும் மாறவில்லை.

அந்தக் கோயிலின் கல்வெட்டு ஒன்றை வணிக வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். பாண்டியர் காலத்தில் திசையாயிரத்து ஐநூற்றுவர் முதலான வணிகக் குழுவினர் கூடி, தங்கள் சரக்குகளின் மேல் இவ்வளவு என்று மகமை வகுத்துக் கோயிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டதைச் சொல்லும் கல்வெட்டு அது. உப்பு, நெல், மிளகு, பாக்கு, பருத்தி, இரும்பு, தேன், சந்தனம், குதிரை, யானை என்று அந்தச் சரக்குப் பட்டியல் நீள்கிறது. பாரி மகளிர் எண்ணிய உப்பு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். பல நூறு ஆண்டுகள் கழித்து உப்பு இந்த மலையடி வழியே போய்க்கொண்டிருந்தது, போகிற போக்கில் மலைக்கு ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் போனது. வழிப்போக்கர்கள் மலைக்குக் கடன்பட்டவர்கள் என்று அந்த வணிகர்கள் நினைத்தார்கள். நீங்களும் வழிப்போக்கர்கள்தான்.

மலை உச்சியில் ஒரு இறைநேசரின் தர்கா இருக்கிறது. அடியில் சிவன், உச்சியில் தர்கா, ஊர் எல்லையில் அய்யனாரும் கருப்பரும். குன்றக்குடி அடிகளார் இங்கே பாரிக்கு விழா எடுத்தபோது அது சமயம் கடந்த கொடையின் விழாவாக இருந்தது. இன்று பாரியை ஏதோ ஒரு சாதியின் ஆளாக்கிச் சுவரொட்டி அடிக்கிறவர்களும் வருகிறார்கள். தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். முந்நூறு ஊரையும் இரவலருக்குக் கொடுத்துவிட்டவன் என்று கபிலர் பாடியவனுக்குச் சாதிப் பட்டா எழுதுவது அவனை இரண்டாம் முறை முற்றுகையிடுவதாகும்.

இனி மலை செய்யும் வேலையைச் சொல்கிறேன். இந்தச் சீமையில் பெரிய ஆறு கிடையாது. கண்மாயும் ஊருணியும்தான் எங்கள் வாழ்வு. மொட்டைப் பாறையில் விழும் மழை நிற்காமல் வழிந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது சரிவுகளில் உள்ள காடு. உதிர்ந்த சருகும் வேரும் மண்ணும் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கின்றன. பாறை வெடிப்புகளில் இறங்கும் வேர்கள் தண்ணீருக்கும் வழி செய்கின்றன. கொஞ்சம் சுனையில் தங்குகிறது, கொஞ்சம் ஓடையாகிறது, மீதி வரத்துக்கால் வழியே கண்மாய்க்கு வருகிறது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். காடு போனால் மண் கரைந்து வரத்துக்கால் மேடாகும். மழை பெய்த அன்று வெள்ளம், மறு மாதம் வறட்சி. கபிலர் கவலைப்பட்ட அந்தக் குளத்தின் கரை உடைவதற்கு வேந்தர் படைதான் வர வேண்டும் என்பதில்லை. மேலே ஒரு கோடையில் வைக்கும் தீ போதும்.

ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். பங்குனி முதல் ஆனி வரை காய்ந்த புல் சரிவெங்கும் நிற்கும். தீப்பெட்டியோடு மலை ஏறாதீர்கள். சமையல் வேண்டாம், சிகரெட் வேண்டாம். வனத்துறை தடுக்கும் நாட்களில், தடுக்கும் இடங்களில் திரும்பிவிடுங்கள். மலைத்தேனீ பாறை முகட்டில் கூடு வைக்கும். அதன் அருகே கூச்சல், பாட்டுப்பெட்டி, டிரோன் எதுவும் வேண்டாம். அது உங்களுக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து. சுனையில் சோப்புப் போட்டுக் குளிக்காதீர்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுபோங்கள், கிடக்கிறதிலும் ஒரு பையளவு எடுத்துப்போங்கள். குடைவரையிலும் கல்வெட்டிலும் சுண்ணாம்பு, சாக்பீஸ், பெயிண்ட் எதுவும் படக் கூடாது. எழுத்து தெரிய வேண்டுமென்று மாவு பூசிப் படம் எடுப்பதும் தவறு. கோயிலிலும் தர்காவிலும் கும்பிடுகிறவர்களுக்கு முதலில் இடம் விடுங்கள்.

இவை பொதுவான ஒழுங்குகள். இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பாணன் வெறும் கையோடு வந்தாலும் வெறும் காதோடு வந்ததில்லை. மலையடியில் ஆடு மேய்க்கும் அப்பத்தாவிடம், கண்மாய்க் கரையில் நிற்கும் நீர்ப்பாய்ச்சியிடம், அய்யனார் கோயில் வேளாரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சுனை எந்த மாதம் வற்றும், எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த மரத்தை வெட்டக் கூடாது, ஏன் கூடாது என்று கேளுங்கள். சொன்னவரின் சம்மதத்தோடு அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். அச்சிட்ட நூல்கள் பெரும்பாலும் கபிலர் வரை போய் நின்றுவிடுகின்றன. கபிலருக்குப் பின் இந்த மலையைப் பற்றி மக்கள் சொல்லிவந்தது பெரியவர்களின் வாயில்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.

மலைகளை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் கிரானைட் பாளமாகவும் பார்க்கும் கண்கள் இங்கே அதிகம். மேலூர்ப் பக்கத்தில் கிரானைட் குவாரிகள் குன்றுகளை என்ன செய்தன என்று விசாரிக்க 2014இல் உயர்நீதிமன்றம் உ. சகாயத்தை நியமிக்க வேண்டிவந்தது. அரிட்டாபட்டியின் குன்றுகள் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. இரண்டே ஆண்டில் அதையும் சேர்த்து ஏறத்தாழ 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் என்ற செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த மக்களைக் காத்தது எந்த வேளும் இல்லை. தங்கள் மலையில் எத்தனை சுனை, எத்தனை கண்மாய், எந்தக் குகையில் தமிழி எழுத்து, எந்தப் பாறையில் வல்லூறு என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததால் சொல்ல முடிந்தது. சொன்னதால் காக்க முடிந்தது.

ஆதலால் பிரான்மலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். தென்தமிழ்நாட்டில் குன்றில்லாத ஊர் குறைவு. உங்கள் ஊர்க் குன்றின் சர்வே எண் என்ன, 'அ' பதிவேட்டில் அது புறம்போக்கா காப்புக்காடா, அதிலிருந்து வரும் வரத்துக்கால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, அந்தக் கால் இப்போது திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று அதைக் கேளுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பறம்புக்கு ஒரு கபிலர் இருந்ததால் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நாம் அதைத் தேடி வருகிறோம். பெயர் தெரியாத ஆயிரம் குன்றுகளுக்குப் பாட ஆளில்லை. உங்கள் ஊர்க் குன்றுக்கு நீங்கள்தான் பாட வேண்டும், அதற்காக நீங்கள்தான் பேச வேண்டும்.

அன்புடன்,
கண்மாய்ப் பாசனத்தில் பிழைக்கும் உங்கள் அண்ணன் ஒருவன்
சிங்கம்புணரிச் சீமை